குசினிக்குள் சூரியனை இறக்கிய வரலாறு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
1976 ஜனவரி, மழை கொஞ்சம் விட்ட ஒரு காலை.

ஏழு கடல் தாண்டி, புகையும் பனியும் சூழ்ந்த லண்டன் மாநகரில் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு வாழும் என் தங்கையின் தவப் புதல்வன், மருமகன் ஜெமீல் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும், உங்கள் மாமி றுக்கியாவும், மூத்தவள் ஸல்ஹாவும், அவளுடைய புருசனும் கைக்குழந்தையும், இளையவள் லைலாவும், கோழிகளில் இந்த மாரிக்குத் தப்பியவையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும், போன கடிதத்தில் ஒழுகுவதாக எழுதியிருந்த உங்கள் மூக்கும் பூரண சுகத்தோடு இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். மூக்குக்கென்று தனியாகக் கேட்பது உங்கள் மாமிதான்.

இது நிற்க. கப்பலில் வேலை செய்யும் உங்கள் சிநேகிதர் வழியாக நீங்கள் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அதைத் திறந்த அன்று இந்த வீதியில் ஒருவரும் சோறு ஆக்கவில்லை. எல்லாரும் எங்கள் வீட்டில்தான் நின்றார்கள். முகத்தில் பளபளவென்று கம்பிப் பல்லு, உள்ளே சுருள் சுருளாக ஏதோ குடல், பின்னால் ஒரு வால், வாலின் நுனியில் சதுரக் கால் மூன்று. உங்கள் மாமி ரேடியோ என்று நினைத்து, முக்காட்டைச் சரி செய்து கொண்டு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்தாள். செய்தி வரும் என்று வெகுநேரம் பொறுமையாக இருந்தாள். பிறகுதான் அடியில் நீங்கள் வைத்திருந்த துண்டை லைலா வாசித்தாள்: "இது ஹீற்றர். குளிர் காலத்தில் குசினியில் பூட்டினால் மாமிக்கு இதமாக இருக்கும்." மருமகனே, கன்னியாவில் நிலமே சும்மா வெந்நீர் ஊற்றுகிற ஊருக்கு, சித்திரை மாதத்தில் கோழி முட்டை அவிந்தே விழுகிற ஊருக்கு, லண்டனிலிருந்து ஒரு ஹீற்றர்! நான் சிரிக்கவில்லை. மாமா என்ற முறையில் உங்கள் மானத்தைக் காப்பாற்ற வாயைப் பொத்திக் கொண்டேன். மற்றவர்கள் சிரித்த சிரிப்பு துறைமுகம் வரைக்கும் போய், நங்கூரம் போட்டு நின்ற கப்பல் ஒன்று அதை அபாயச் சங்கு என்று நினைத்துப் பதில் சங்கு ஊதியது. ஹீற்றரை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தோம். ஸல்ஹா அதன் மேல் ஒரு பூச்சாடியையும் வைத்தாள். உங்கள் அன்பளிப்பின் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அல்லாஹ் வேறு விதமாக நாடினான்.

விசயத்தை முதலில் இருந்து சொல்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். ஆகையால் இங்கே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் முகத்தைப் பார்ப்பது கொஞ்சம், சுவரின் முகத்தைப் பார்ப்பது கூட. நீங்கள் போன பிறகு நான் இந்த வீட்டை இரண்டாக்கி, முன் பாதியை ஸல்ஹாவுக்கு எழுதிக் கொடுத்து அவளை வாழ வைத்தேன். பின் பாதி லைலாவுக்கு. நடுவில் ஒரு சுவர். கிணற்றைப் பிரித்தோம், முருங்கையைப் பிரித்தோம், மதில் மேல் படுக்கிற பூனையைக்கூடப் பிரித்தோம். கறண்டைப் பிரிக்க மட்டும் அத்தனை பேரும் மறந்து போனோம். மீற்றரும் பியூஸ் பெட்டியும் மெயின் சுவிச்சும் ஸல்ஹாவின் பக்கத்திலேயே தங்கி விட்டன. லைலாவின் பக்கத்துக்கு வருவது, சுவரில் ஓர் ஓட்டை வழியாக நூல் போல ஒரு வயர். அதிலே இரண்டு பல்பு எரியும், மூன்றாவதைப் போட்டால் மூன்றும் சேர்ந்து யோசிக்கும். பின் பாதியில் சமைக்க ஒரு குசினி இல்லாத குறையைத் தீர்க்க, சீமெந்து கண்ணில் காணக் கிடைக்காத இந்தக் காலத்திலே நான் அலைந்து திரிந்து ஒரு குசினி கட்டினேன். அதற்கு உட்பூச்சுப் பூசி முடித்த அன்று பின்னேரம் மாரி தொடங்கியது. நூஹ் நபி காலத்து வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒரு மழை பெய்யவில்லை. குசினிச் சுவர் காயவேயில்லை. கையை வைத்தால் கை உள்ளே போகும். எடுத்தால் சுவரும் கூடவே வரும். தவளை ஒன்று அடுப்பு மேடையில் குடியேறி, தன் மச்சினன்மாரையும் கூப்பிட்டுக் கொண்டது.

இந்த நிலைமையில்தான் கிண்ணியாவில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பாயிஸ், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், தங்கமான பிள்ளை. அவரும் லைலாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்று இரண்டு வீட்டாரும் முழு மனதோடு நம்புகிறோம். ஆனால் கச்சேரி விடுகிற நேரத்தில் மட்டும் லைலாவுக்கு முன் யன்னல் சீலையைச் சரி செய்யும் வேலை வந்து விடும். அதுவும் தமக்கையின் வீட்டு யன்னல். மாப்பிள்ளையின் வாப்பா கலீலுர் றஹ்மான் பெரிய யாவாரி, சாது. உம்மா ஸுல்பிகாதான் சிங்கம். பெண் வீடு பார்க்கப் போனால் நேரே குசினிக்குப் போவார். உள்ளங்கையைச் சுவரில் அழுத்திப் பிடிப்பார். கண்ணை மூடிக் கொள்வார். வைத்தியர் நாடி பார்ப்பது போல அந்தச் சுவரின் தலைவிதியை அறிந்து கொள்வார். ஏற்கெனவே ஒரு வீட்டில் "ஈரம்" என்று ஒரு சொல்லுச் சொல்லி எழும்பி வந்தவர். ஈரக் குசினியில் வாழ வருகிற மாப்பிள்ளைக்கு இழுப்பு வரும் என்பது அவருடைய நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று ஆள் விட்டு அனுப்பினார்கள்.

லைலா குசினிக்குள் போனாள். சட்டியில் கரி நெருப்பைப் போட்டுச் சுவர் ஓரமாகப் பிடித்துக் கொண்டு நின்றாள். புகையில் கண் சிவந்தது என்றாள். புகை இல்லாத பக்கம் போய் நின்றபோதும் கண் சிவந்துதான் இருந்தது. "வாப்பா, இங்கயும் ஈரம் எண்டு சொல்லிட்டுப் போனா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். மருமகனே, அந்தக் கேள்வி என் நெஞ்சில் பீரங்கிக் குண்டு போல விழுந்தது. நான் எழும்பினேன். அலுமாரியின் மேலே பார்த்தேன். பூச்சாடியை இறக்கினேன்.

"அது குளிருக்கு எண்டெல்லோ மருமகன் எழுதியிரிக்காரு? சுவருக்கு எண்டு எழுதல்லையே" என்றாள் உங்கள் மாமி.

"ஈரம் எண்டா என்ன? குளிருக்குக் கூடப் பொறந்தது. அண்ணனை அடிக்கிறவன் தம்பியை விடுவானா?" என்றேன்.

"அப்ப உங்களுக்கு அதைப் பூட்டத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறாள்! வெள்ளைக்காரன் இந்தத் துறைமுகத்தை ஆண்ட காலத்திலே டொக்யார்ட்டில் கயிறும் கேபிளும் வைக்கிற ஸ்டோரைக் கட்டி ஆண்டவன் யார்? நான் கேபிளை எடுத்துக் கொடுக்காவிட்டால் எத்தனை யுத்தக் கப்பல்கள் இருட்டிலே தடவிக் கொண்டு நின்றிருக்கும்? பூட்டியது வேறு ஆட்கள்தான், ஒத்துக் கொள்கிறேன்; ஆனால் எடுத்துக் கொடுப்பவனுக்குத் தெரியாததை எப்படிப் பூட்டுவார்கள்? இருந்தாலும் ஒரு சாட்சிக்கு ஆள் வேண்டும் என்பதற்காக, பாலையூற்றில் இருந்து வயரிங் வேலை செய்யும் தவராசாவை வரவழைத்தேன். தவராசா நல்ல வேலைகாரன், அண்ணன் முறை வைத்து என்னை நானா என்றுதான் கூப்பிடுவான், ஒரு குறைதான். எந்தச் சாமானைக் கண்டாலும் முதலில் அதற்கு மரண அறிவித்தல் வாசிப்பான். ஹீற்றரைத் திருப்பி, அடியில் இருந்த தகட்டை வாசித்தான். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நானா, இது ஹீற்றர் இல்லை. இது ரயில் எஞ்சின். உங்கடை வயர் பல்பு கொழுத்துற வயர். இதைக் கொண்டு போய் அதிலை பூட்டினா வயர் உருகி, கூரை பத்தி, நீங்கள் பத்தி, நான் பத்தி..."

"வேற வழி சொல்லு தம்பி."

"பியூஸ் பெட்டியிலை இருந்து தனியா ஒரு மொத்தமான, தடிச்ச கேபிள் இழுக்க வேணும். தனிச் சுவிச் வேணும். சுவிச் என்னட்டை ஒண்டு கிடக்கு. ஆனா அப்பிடிக் கேபிள் இப்ப நாட்டிலையே இல்லை. இருந்தாலும் தரமாட்டாங்கள். தந்தாலும் அது நல்லதா இராது."

நான் அவனைக் கையிலே பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிக் கொண்டு போனேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் உடுப்புக் கொடி. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக் கொண்டு போன நாளில் என்னுடைய துரை என் தோளைத் தட்டி, "ஸஹாப்தீன், ஞாபகத்துக்கு ஏதும் எடுத்துக்கொள்" என்று சொல்ல, நான் மலைப்பாம்பு மொத்தத்தில் ஒரு கேபிளை ஞாபகத்துக்கு எடுத்துக் கொண்டு வந்தேன். அதைத்தான் உங்கள் மாமி தென்னைக்கும் முருங்கைக்கும் கட்டி, இத்தனை காலமும் சாறனும் பாவாடையும் காயப் போட்டு வருகிறாள். தவராசா அதைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தான். உள்ளே செம்பு, நேற்றுப் பிறந்த பிள்ளை போல மின்னியது. அவன் வாய் திறந்தது, மூடவில்லை. மரண அறிவித்தல் வாசிப்பவனுக்கு முன்னால் மையத்து எழும்பி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

கொடியை அறுத்து இறக்கினோம். அப்போதுதான் ஒரு சிறு சிக்கல். கொடியில் கிடந்த ஈர உடுப்பு எல்லாம் எங்கே போகும்? வெளியே மழை. "குசினிக்குள்ள போடுங்க, அங்கதானே ஹீற்றர் வருது" என்றாள் உங்கள் மாமி. அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த சிக்கல் ஸல்ஹா. கேபிள் அவளுடைய பியூஸ் பெட்டியில் இருந்து புறப்பட்டு, நடுச் சுவரைத் துளைத்து வர வேண்டும். பழைய ஓட்டையில் இந்த மலைப்பாம்பு நுழையாது. புது ஓட்டை வேண்டும். நானே கட்டி, நானே பூசி, நானே எழுதிக் கொடுத்த சுவரின் முன்னால் ஸல்ஹா பிள்ளையை இடுப்பில் வைத்துக் கொண்டு நின்றாள்.

"வாப்பா, இது என்ட சுவர். ஓட்டை போட ஏலா."

"மகள், இது உங்கட தங்கச்சிட வாழ்க்கை."

"ஓம், அது தெரியும். ஆனா என்ட பிள்ளைட துண்டு ஒண்டும் காயல்லையே. எல்லாத்தையும் உங்கட ஹீற்றருக்கு முன்னால காயப்போட விட்டா, எங்கன எண்டாலும் துளைங்க."

மருமகனே, வல்லரசுகள் உடன்படிக்கை எழுதுவதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் மூத்திரத் துண்டை வைத்து எழுதிய உடன்படிக்கை இது ஒன்றுதான். ஒத்துக் கொண்டேன். சுவர் துளைக்கப்பட்டது. கேபிள் நுழைந்தது. லண்டன் வாலின் சதுரக் கால்களுக்கு இங்கே உள்ள வட்ட ஓட்டைகள் சரிவராது என்பதால் தவராசா அந்தக் கால்களை வெட்டி எறிந்து விட்டு, வயரை நேரே சுவிச்சில் கொண்டு போய் முடித்தான். உள்ளே மூன்று வயர். இரண்டை வைத்தான். மூன்றாவதைக் கிணற்றடியில் ஓர் இரும்புக் குழாயை அறைந்து அதிலே கட்டப் போனான்.

"அது எதுக்கு?" என்று உங்கள் மாமி கேட்டாள்.

"அது அக்கா, ஏதும் பிழைச்சா நானாவை உயிரோடை வைச்சிருக்கிற வயர்."

"அது கட்டாயம் வேணுமா, தம்பி?"

இந்த வீட்டில் எனக்கு உள்ள மதிப்பை நீங்கள் இதிலிருந்து அறிந்து கொள்ளலாம். வயர் கட்டப்பட்டது; அதுவரைக்கும் நான் கிணற்றடியை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, கப்பல் தளபதி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, "ஸ்டாண்ட் பை!" என்று ஒரு குரல் கொடுத்துச் சுவிச்சைப் போட்டேன். "டப்" என்றது. இரண்டு வீடும் செத்தன. மதிலுக்கு அப்பால் ஸல்ஹா, "வாப்பா! என்ட வீடு மௌத்தாப் போச்சு!" என்று கத்தினாள். அவளுடைய புருசன் கேட்டுக் கொண்டிருந்த ரேடியோ ஒரு பாட்டின் நடுவிலே தொண்டையைப் பிடித்துக் கொண்டு விழுந்தது. தவராசா, "நான் சொன்னனான்" என்று மிக்க சந்தோசத்தோடு சொன்னான். புது பியூஸ் கம்பி போட்டு, ஒரு சட்டம் இயற்றினோம்: ஹீற்றர் எரியும் நேரத்தில் இரண்டு வீட்டிலும் ஒரு பல்பும் எரியப்படாது, ரேடியோ மூச்சு விடப்படாது, இஸ்திரிப்பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். திரும்பச் சுவிச்சைப் போட்டேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சுருளுக்குள்ளே மெல்ல ஒரு சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு, மருமகனே, சூரியன்! வெளியே முகிலுக்குள் ஒளித்துக் கிடந்த அந்தப் பழைய சூரியன் வெட்கப்பட்டு இன்னும் உள்ளுக்குப் போனது. அடுப்பு மேடைத் தவளை தன் மச்சினன்மாரையும் கூட்டிக் கொண்டு, திரும்பிப் பாராமல் நாடு கடந்தது. உங்கள் மாமி முகத்தை மூடிக் கொண்டு அழுதாள். புகையாக இருக்கும் என்று நான் பார்த்தேன், புகை இல்லை.

அன்று அந்தி போய்ப் பார்த்தால், சுவர் முன்னையிலும் ஈரம். தண்ணீர் ஓடிக் கொண்டிருந்தது! தவராசா மரண அறிவித்தலின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினான். நான் லண்டனைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொன்னேன். எழுதக் கூடியவை அல்ல. லைலாதான் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். "வாப்பா, சாறன், பாவாடை, பிள்ளைட துண்டு எல்லாத்திட தண்ணியும் ஆவியாப் போய் எங்க போகும்? சுவருக்குத்தானே போகும்? எல்லாத்தையும் வெளியால எடுங்க. யன்னலைத் திறந்து விடுங்க." அதைத்தான் நானும் முதலில் இருந்தே சொல்ல நினைத்துக் கொண்டிருந்தேன். உடுப்பை எல்லாம் ஸல்ஹாவின் கூடத்துக்குக் கடத்தினோம். உடன்படிக்கை கிழிந்தது என்று ஸல்ஹா கூச்சல் போட்டாள். தங்கச்சியின் கண்ணைப் பார்த்து விட்டு, பிறகு அவளே வந்து யன்னலைத் திறந்து பிடித்தாள். சனிக்கிழமை முழுதும் ஹீற்றர் எரிந்தது. சுவர் கரும்பச்சையில் இருந்து சாம்பலுக்கும், சாம்பலில் இருந்து வெள்ளைக்கும் வந்தது. நான் அதைத் தடவி விட்டு என் கையைப் பார்த்தேன். கை காய்ந்திருந்தது! அரபு நாட்டுப் பாலைவனம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டு வந்து சுவரில் ஒட்டியது போல!

ஞாயிறு பின்னேரம் வருகிறோம் என்றவர்கள் முற்பகலே வந்து விட்டார்கள். கடல் கொந்தளிக்கும் என்று பயந்து, கிண்ணியாத் துறையில் வள்ளம் தள்ளுகிறவர்களை அவசரப்படுத்தி இந்தக் கரை சேர்ந்திருக்கிறார்கள். நடுவிலே மழை பிடித்து ஆளுக்கொரு வாளி ஊற்றியிருக்கிறது. கலீலுர் றஹ்மான் வாசலிலே நின்று தொப்பியைப் பிழிந்தார். ஸுல்பிகாவின் பல்லு கடகடவென்று அடித்தது. ஆனால் சிங்கம் சிங்கம்தான். உட்காரச் சொல்லிப் போட்ட கதிரையைப் பார்க்காமலே, "குசினி எங்கால?" என்று கேட்டு நடந்தார்.

இதற்கிடையில் ஒரு சங்கடம். கேபிளும் பழைய பியூஸ் பெட்டியும் சேர்கிற மூட்டிலே சூடு கூடுகிறது என்று தவராசாவை ஸல்ஹாவின் வீட்டுக்குள்ளே மெயின் சுவிச்சுக்குக் காவலாக நிறுத்தியிருந்தேன். வாயைத் திறக்காதே என்று சொல்ல மறந்து விட்டேன். ஸுல்பிகா குசினி நிலைப்படியைத் தாண்டிய அதே நேரம் மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"நானா! சுடுது நானா!"

கலீலுர் றஹ்மான் திரும்பினார்; அவருக்கும் நான் அண்ணன் முறை, அவர் கூப்பிடுவது காக்கா. "யாரு காக்கா அது?"

"அது மகள்ட வீட்டில வேலைக்கு வந்த தம்பி. மரவள்ளிக் கிழங்கு அவிக்கான்."

"நானா! இப்ப மணமும் வருது!"

"கிழங்கு பதமாயிட்டுதாம்."

"நானா, நான் நிப்பாட்டப் போறன்! பிறகு என்னைச் சொல்லாதீங்க!"

"கொஞ்சம் பொறு தம்பி! இன்னும் அவியட்டும்!" என்று நான் மதில் அதிரக் கத்தினேன். கலீலுர் றஹ்மான் வயிற்றைத் தடவிக் கொண்டு, "எங்களுக்கும் ரெண்டு துண்டு எடுத்து வெக்கச் சொல்லுங்க காக்கா" என்றார். உங்கள் மாமி பின்பக்கத்தால் ஓடிப் போய் ஸல்ஹாவின் கொல்லையில் மரவள்ளி பிடுங்கினாள்.

உள்ளே ஸுல்பிகா சுவரை நெருங்கினார். உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். லைலா கதவு மறைவில் நின்றாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் நின்று போனதை நான் குசினி வாசலில் நின்றே கேட்டேன். ஸுல்பிகா கையை எடுக்கவில்லை. மற்றக் கையையும் வைத்தார். பிறகு கன்னத்தையும் வைத்தார்!

"அல்லாஹ்வே, சுவர் சுடுதே" என்றார். குரல் அழுகிற மாதிரி வந்தது. "இப்பிடி ஒரு குசினியை நான் கண்டதில்ல. மகள் லைலா, இங்க வாங்க. ஒரு பாய் போடுங்க."

பாயைப் போட்டதும் ஹீற்றருக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. முக்காட்டில் இருந்து ஆவி பறந்தது. நடுக்கம் நின்றது. கண் பாதி மூடிச் சொக்கியது. இந்த இடத்தில்தான் உங்கள் மாமியின் திறமையை நீங்கள் அறிய வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பேச்சு முற்றாகும் வரைக்கும் பெண் வீட்டில் வெத்திலை போடலாம், தேத்தண்ணி குடிக்கலாம்; ஆனால் சோறோ பிட்டோ சாப்பிட்டுக் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. பிறகு திரும்பிப் போக ஏலாது. இதைத் தெரிந்து கொண்டுதானோ, தெரியாமலோ, உங்கள் மாமி சுடச்சுடப் பிட்டும் பாரை மீன் ஆணமும் ஒரு பீங்கானில் போட்டு, ஸுல்பிகாவின் வலது கைக்கு அருகே, தற்செயலாக வைப்பது போல வைத்து விட்டுப் போனாள். சூட்டுக்கு முன்னால் சொக்கியிருந்த அந்தக் கை தானாகவே பீங்கானுக்குப் போனது. பிசைந்தது. வாய்க்குப் போனது.

வாசலில் நின்ற கலீலுர் றஹ்மான் பேய் கண்ட மாதிரி நின்றார். "ஸுல்பிகா! என்ன வேலை செஞ்ச? கை நனைச்சிட்டியே! நாம இன்னும் ஒரு கதையும் கதைக்கல்லையே!"

ஸுல்பிகா கையைப் பார்த்தார். பீங்கானைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். லைலாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டு குடும்பத்தின் எதிர்காலமும் முருங்கைக் கொப்பில் காகம் போல ஆடியது.

"தொப்பையா நனைஞ்சுதானே வந்தன், இனி என்னத்த நனைக்கிற?" என்றார். "ஆணம் நல்லா இரிக்கு. புள்ளையும் நல்லா இரிக்கு. நின்டு பாக்காம நீங்களும் வந்து இரிங்க."

அவர் இருந்தார். நானும் இருந்தேன். தன் கையில் கிடந்த வளையலைக் கழற்றி லைலாவின் கையில் போட்டார் ஸுல்பிகா. சாப்பிட்ட கையாலேயே போட்டார், ஆணம் பட்டிருந்தது, லைலா அதை இன்னும் கழுவவில்லை. அறுவடை முடிந்ததும் நிக்காஹ். மதிலுக்கு அப்பால் இருந்து, "நானா, நிப்பாட்டிட்டன்!" என்ற குரலும் ஹீற்றர் மெல்லக் கறுத்த காட்சியும் ஒன்றாக வந்தன, அவித்த மரவள்ளியும் பின்னாலேயே வந்தது. அதையும் சாப்பிட்டோம். இந்தத் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போர்த்துக்கீசன் வந்தான், ஒல்லாந்தன் வந்தான், பிரெஞ்சுக்காரன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான். எல்லாரும் கோட்டை பிடித்தார்கள். ஒரு குசினியை வைத்து ஒரு சிங்கத்தைப் பிடித்தவன் உங்கள் மாமா ஒருவன்தான் என்பதை லண்டனில் உள்ளவர்களுக்குத் தக்க முறையில் அறிவிக்கவும். உங்கள் ஹீற்றருக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு, மறைக்கவில்லை.

உங்கள் மாமி சலாம் சொல்லச் சொன்னாள். லைலா சலாம் சொல்லவில்லை, சிரித்தாள். அதையே சலாமாக எடுத்துக் கொள்ளவும். தவராசாவும் விசாரித்தான், நீங்கள் அங்கே நலமாக இருக்க வாய்ப்பில்லை என்று அபிப்பிராயப்படுகிறான். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், பரக்கத்தையும், ஒழுகாத மூக்கையும் தந்தருள்வானாக. நிக்காஹுக்கு வர முடிந்தால் வரவும்.

இங்ஙனம், உங்கள் வெற்றி வீரனான மாமா,
ஸஹாப்தீன்.

பி.கு.: உறையை ஒட்ட நாக்கை நீட்டிய நேரத்தில் குசினிப் பக்கம் "தடார்" என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஸுல்பிகா கன்னம் வைத்த சுவரின் பூச்சு முழுதும், தாச்சியில் இருந்து ரொட்டி கழன்ற மாதிரி ஒரே துண்டாகக் கழன்று கீழே கிடக்கிறது. உள்ளே கல் அப்படியே நனைந்து நிற்கிறது. அவசரமாக மேல் தோல் மட்டும் காய்ந்து வெடித்து விட்டதாம், மற்ற மூன்று சுவரும் வெள்ளிக்கிழமைக்குள் விழுமாம். இப்படித் தவராசா சொல்கிறான். அவனுடைய முகத்தில் இவ்வளவு மகிழ்ச்சியை நான் முன்னர் கண்டதில்லை. லைலா அழுவாள் என்று பயந்தேன். அவள் வளையலைத் தடவிக் கொண்டு, "விழுந்தா விழட்டும் வாப்பா, அவங்க சாப்பிட்டாச்சே" என்று சொல்லி விட்டு முன் யன்னல் சீலையைச் சரி செய்யப் போய் விட்டாள். இதையெல்லாம் பார்த்துக் கொண்டு நிற்கும்போது வாசலில் கலீலுர் றஹ்மானின் ஆள் வந்து நிற்கிறான். அவர் கடைத்தெருவில் புதிதாகப் பிடவைக் கடை ஒன்று கட்டி உள்ளே பூசியிருக்கிறாராம், மழைக்குக் காயவில்லையாம், "காக்கா அந்த மெசினைத் தூக்கிக் கொண்டு இன்றைக்கே வரட்டாம்." சம்பந்தியின் முதல் வேண்டுகோள். மறுக்க முடியுமா? ஓம் என்று சொல்லி அனுப்பி விட்டேன். கடைக்கு நாலு சுவர். ஒன்றையாவது நிற்க விட்டு வருவேன் என்று உங்கள் மாமிக்குச் சத்தியம் செய்து கொடுத்து விட்டு, இதோ புறப்படுகிறேன்.